வெளிச்சத்துக்கு நின்றவள்

அந்தப் பையில் கால் படாமல் பார்த்துக்கொள்ளம்மா. உள்ளே அரிவாள்மனை இருக்கிறது.

பயப்படாதே, யாரையும் வெட்டப் போகவில்லை. மூன்று சுற்று செய்தித்தாள், அதன்மேல் ஒரு டர்க்கி டவல், அதன்மேல் எங்கள் வீட்டுக்காரரின் கிழிந்த வேட்டி. இத்தனையும் சுற்றித்தான் கொண்டுவருகிறேன். ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது, இல்லையா? திருச்சியில் ஏறும்போதே கண்டக்டர் முறைத்தார். "என்னம்மா அது, நீட்டிக்கிட்டு இருக்கு?" "அரிவாள்மனை." "பஸ்ஸுல எதுக்கும்மா அரிவாள்மனை?" "வழியில வெண்டைக்காய் நறுக்கத்தான்" என்றேன். மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

நீ புதுக்கோட்டை வரைக்குமா? நல்லது, நானும் அங்கேதான். நீ என்றே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என் பெண் தாரிணி வயசுதான் இருக்கும் உனக்கு. பேங்க் வேலையா? கழுத்து அட்டையில் என்னவோ எழுதியிருக்கிறது, எனக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணாடி கைப்பைக்குள் கிடக்கிறது. அந்தக் கண்ணாடியால்தான் இந்த வெயிலில் இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடியாலும், ஒரு இங்கிலீஷ் படத்தாலும்.

பழைய ஹாலிவுட்டைப் பற்றி எடுத்த படம். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீயும் போய்ப் பார்ப்பாய். இரண்டே கால் மணி நேரம். ஏகப்பட்ட விருது வேறு. எதற்கு என்று கேள். ஒருத்தி நிற்கிறாள். அவ்வளவுதான் படம். நிற்கிறாள், நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள். நம் ரேஷன் கடை வாசலில் ஒரு காமிராவை வைத்துவிட்டு வந்தால் இதைவிட விறுவிறுப்பாக ஒரு படம் கிடைக்கும்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு வளவளவென்று பேச வராது. கான்வென்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் யூஜினி, யாராவது எழுந்து இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால், "சொல்ல வந்ததைச் சொன்னாயா? உட்கார்" என்பார். அந்தப் பழக்கம்.

எனக்கு ஒரு நாத்தனார், திலகவதி என்று. எங்கள் வீட்டுக்காரருக்குத் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று என்னைக் கேட்காதே. நான் மருமகளாக வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயசு. "பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றார் மாமியார். இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். மாமியார் மாமனார் போன பிறகும் அவள் எங்களோடுதான். நான் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஒரு குறை வைத்ததில்லை. தீபாவளிக்கு அவர் ஒரே டிசைனில் இரண்டு புடவை எடுப்பார். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. என்னுடையது பட்டு, அவளுடையது அதே நிறம், அதே கரை, கலப்பு நூல். தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அடுப்பு முன்னால் நிற்கிறவளுக்குப் பட்டு எதற்கு, நீயே சொல்.

ஆமாம், சமையல் அவள்தான். அவளுக்கு அதில் ஒரு இஷ்டம். நான் வேண்டாம் என்றா சொல்ல முடியும்? ஒரு வீட்டில் ஒருத்தி சமைத்தால் ஒருத்தி பரிமாற வேண்டாமா? பரிமாறுவது என்ன சின்ன வேலையா? யாருக்கு எது பிடிக்கும், யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்க வேண்டும். திலகவதிக்கு அது வராது. கூச்சம். கூடத்தில் நான்கு பேர் இருந்தால் அடுப்பங்கரை வாசலோடு நின்றுவிடுவாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விவகாரத்துக்கு வருகிறேன். இன்று வெள்ளியா? நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

தாரிணி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற பையன், ஆதவன் என்று பெயர். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். கோமதி அம்மாள், கும்பகோணம். அந்த அம்மாள் வாயிலிருந்து சரி என்ற ஒரு வார்த்தை வர வேண்டும். பொங்கல் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று பருப்பு உருண்டைக் குழம்பு. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நீங்க வச்சதா?" என்றார். நான் சிரித்தேன். சிரிப்பதில் என்னம்மா பொய் இருக்கிறது? அந்த நேரம் பார்த்துத் திலகவதி மோர் கொண்டுவந்தாள். "இவங்க?" என்றார். "என் நாத்தனார். கூடமாட ஒத்தாசையா இருக்கா" என்றேன். அதுவும் பொய் இல்லை. "இந்தக் கைப்பக்குவம் இருக்குற வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார். தாரிணி என்னைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள்.

போன வாரம் போன் செய்கிறார். "ஞாயித்துக்கெழம காலையில எட்டு மணிக்கே வந்துடறேன். ரெண்டு பேரும் சேந்து சமைப்போம். அந்தக் குழம்ப நீங்க பக்கத்துல நின்னு சொல்லித் தாங்க. அப்பத்தான் எனக்கு மனசு நிறையும்" என்கிறார். எட்டு மணிக்கு! என் அடுப்பங்கரையில்! நான் சொல்லித் தர வேண்டுமாம்! எனக்கு அங்கே பெருங்காய டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்றே தெரியாது. திலகவதி இருந்தால் எப்படியாவது சமாளிக்கலாம். திலகவதி இல்லை. பத்து நாளாக இல்லை. புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் காலேஜ் ஹாஸ்டலில் சமையல் கூடத்துக்குப் பொறுப்பாளராகப் போய்விட்டாள். பத்து நாளாக எங்கள் வீட்டில் உப்புமா. அவர் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போகிறார், அதுதான் பயமாக இருக்கிறது.

ஏன் போனாள் என்கிறாயா? அதற்குத்தான் படம்.

லீவுக்கு வந்த தாரிணிதான் ஆரம்பித்து வைத்தாள். "அம்மா, ஆதவனுக்கு ரொம்பப் பிடிச்ச படம். நீயும் பாத்து வை, வர்றப்ப பேசறதுக்கு ஆகும்" என்று டிவியில் என்னென்னவோ அமுக்கிவிட்டுப் போனாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். நான் சோபாவில். திலகவதி கீழே, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டு. கையில் வேலை இல்லாமல் அவளுக்கு டிவி பார்க்க வராது.

"அண்ணி, தமிழ்ல எழுத்து வருமாமே, அத வைக்கலாமா?" என்றாள்.

"எதுக்கு? நான் இருக்கேன்ல? நான் சொல்றேன், நீ கீரையப் பாரு."

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் என்றால் நான்தான். காஸ் கம்பெனியில் பேசுவதிலிருந்து தாரிணியின் காலேஜ் ஃபாரம் வரைக்கும். ஸ்கூலில் இங்கிலீஷ் எலக்யூஷன் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பரிசு. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் படத்தில் பேசுகிறார்களே, அது இங்கிலீஷ் இல்லை. ஒவ்வொருத்தனும் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு துப்ப இடம் தேடுகிறவன் மாதிரிப் பேசுகிறான். சிஸ்டர் யூஜினி கேட்டிருந்தால் அத்தனை பேரையும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது, அது கண்ணுக்கு எறும்பு வரிசையாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துழாவினேன், காணோம். எழுந்து போய்த் தேடலாம்தான். தேடினால் எழுத்தைப் படித்துத்தான் சொல்கிறேன் என்று திலகவதிக்குத் தெரிந்துவிடாதா? பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன அண்ணி சொல்றான்?"

"வெயில் ஜாஸ்தின்னு சொல்றான்."

"இவ்வளவு நேரம் பேசினானே?"

"அமெரிக்கால வெயில் ரொம்ப ஜாஸ்தி."

அப்படித்தான் ஓட்டினேன். கதையைக் கண்ணால் பார்த்தாலே தெரியாதா என்ன? இரண்டு பெண்கள். ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி சுருட்டை முடி, ஒரே மாதிரி தொப்பி. ஒருத்தி தரையில் சாக்பீஸால் போட்ட குறிமேல் நிற்கிறாள். நாலு ஆள் நாலு பக்கமும் பெரிய பெரிய விளக்கைத் திருப்புகிறார்கள், இறக்குகிறார்கள், ஏற்றுகிறார்கள். ஒருத்தன் டேப்பை நீட்டி அவள் மூக்கு நுனியிலிருந்து அளக்கிறான். அவளுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. இன்னொருத்தி குடைக்கு அடியில் நாற்காலியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜூஸ் குடிக்கிறாள். எல்லாம் சரியானதும் ஒரு விசில். நின்றவள் விலகுகிறாள், உட்கார்ந்திருந்தவள் வந்து அதே குறியில் நிற்கிறாள். அப்புறம்தான் காமிரா ஓடுகிறது.

"இவ அவளுக்கு யாரு அண்ணி?"

"நாத்தனார்" என்றேன்.

வாயில் வந்தது, சொன்னேன். நீயே யோசித்துப் பார். ஒரே டிசைனில் இரண்டு பேர் உடுத்தியிருந்தால் வேறு யாராக இருக்க முடியும்? நான் பார்த்த வரைக்கும் அண்ணியும் நாத்தனாரும்தான்.

திலகவதி கீரை உருவுவதை நிறுத்திவிட்டாள். நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் சேனலை மாற்றியிருப்பேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். நின்றவள் ஒரு கட்டத்தில் தொப்பியைக் கழற்றினாள். சுருட்டை முடியையும் கழற்றினாள். டோப்பா! உள்ளே சாதாரண முடி, நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. டோப்பாவை நாற்காலி மேல் வைத்துவிட்டு குடைக்கு அடியில் இருக்கிற அந்தப் பெரிய நடிகையிடம் போய் ஏதோ சொல்கிறாள். மெதுவாகச் சொல்கிறாள். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

"என்ன சொல்றா அண்ணி? அண்ணி, என்ன சொல்றா?" திலகவதி முழங்காலில் எழுந்து நிற்கிறாள்.

"'நான் நின்னு நின்னு உன் வெளிச்சம் சரியாச்சு. இனிமே எனக்கும் கொஞ்சம் வெளிச்சம் வேணும். நான் போறேன்'னு சொல்றா."

எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, அவள் முகத்தைப் பார்த்தேன், தானாக வந்தது. எனக்குக் கற்பனை அதிகம் என்று சிஸ்டரே சொல்வார். பி.ஏ. முடித்ததும் எங்கள் கான்வென்டிலேயே டீச்சர் வேலை தருகிறேன் என்று அவர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொன்னேன்.

"அதுக்கு அந்த அண்ணி என்ன சொல்றாங்க?"

பெரியவளும் ஏதோ முணுமுணுத்தாள். நான் சொன்னேன்: "'போயிட்டு வா. நீயாக் கேப்பேன்னுதான் இத்தன வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தேன். நான் தடுக்க மாட்டேன்'னு சொல்றா."

"தடுக்க மாட்டேன்னா சொன்னாங்க?"

"ஆமா, ஆமா."

நின்றவள் ஒரு பெரிய கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள். வெளியே நல்ல வெயில். அந்த நேரம் காலிங் பெல். காஸ் சிலிண்டர். நான் எழுந்து போய், அவன் சீல் உடைந்த சிலிண்டரைக் கொண்டுவந்திருக்கிறான், அவனோடு சண்டை போட்டு, வேறு கொண்டுவரச் சொல்லி, அதற்குள் படம் பார்க்கிற மனசே போய்விட்டது. டிவியை அணைத்துவிட்டேன்.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திலகவதி நிற்கிறாள். பின்னால் பார்த்தால் சூட்கேஸ்.

"அண்ணி, புதுக்கோட்டை ஹாஸ்டல் வார்டன் மூணு வருஷமாக் கூப்பிடறாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நம்ம மாடி வீட்டுக்கு விருந்தாளியா வந்தாங்களே. நம்பர கடுகு டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். நேத்துப் பேசிட்டேன். நூத்தி எண்பது புள்ளைங்களாம். எனக்குத் தனி ரூம் தராங்களாம்." அப்புறம் சிரிக்கிறாள். "அந்தப் படத்துல வந்த அண்ணி மாதிரி நீங்களும் தடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் தைரியமாக் கேக்கறேன்."

என் நிலைமையை யோசித்துப் பார்! போகாதே என்று சொன்னால் ஒரு சினிமாக்காரிக்கு இருக்கிற மனசுகூட எனக்கு இல்லை என்று ஆகும். இல்லையென்றால், அது அத்தனையும் நானாகச் சொன்னது, அந்த இங்கிலீஷில் எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை என்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷத்து மரியாதை! அதை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காபி ஆறுவதற்குள், விட்டுக்கொடுப்பதா?

"போயிட்டு வா" என்றேன்.

காலைத் தொட்டு எழுந்து போனாள். ஆனால் பார், அரிவாள்மனையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதில் வேறு யாரையும் உட்கார விடமாட்டாள். வேலைக்கு வருகிற செல்வியைத் தொடக்கூட விடமாட்டாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் அவளே தீட்டுவாள். அதை விட்டுவிட்டு ஒருத்தி போனால் என்ன அர்த்தம்? திரும்பி வருவாள் என்றுதானே? அதனால்தான் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நேரே போய் முன்னால் வைக்கிறேன். "பாரு, உன் மனசு எங்க இருக்குன்னு நீயே பாரு" என்று சொல்கிறேன்.

அது மட்டும் இல்லை, இன்னொன்றும் கைவசம் இருக்கிறது.

கண்ணாடி கிடைத்துவிட்டது. அவள் போன மறுநாள், ஃப்ரிட்ஜில், கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில். அதைப் போட்டுக்கொண்டு, கையில் ரிமோட்டோடு, அந்தப் படத்தை வரி வரியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாலு மணி நேரம் ஆயிற்று. அவள் நாத்தனாரும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் பெரிய நடிகைகளுக்கு விளக்கு சரி செய்கிற வரைக்கும் பதிலுக்கு நிற்க ஒரு ஆள் வைத்திருப்பார்களாம். அவ்வளவுதான் உறவு. அந்த டோப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "ஷூ கடிக்கிறது. பத்து நிமிஷம் உட்காரட்டுமா?" அதற்குப் பெரியவள், "என்னை ஏன் கேட்கிறாய், அஸிஸ்டன்டைக் கேள்" என்கிறாள். அந்தக் கதவு இருக்கிறதே, கேண்டீன் கதவு. அவள் எங்கும் போகவில்லை, சாப்பிடத்தான் போனாள்! வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி நிற்கிறாள். மிச்சப் படம் முழுக்க நிற்கிறாள். பெரியவளுக்கு வயசாகிவிடுகிறது, விலகிப் போகிறாள், புதிதாக இன்னொருத்தி வருகிறாள், அவளுக்கும் நிற்கிறாள். கடைசியில் விளக்கை அணைக்கிறார்கள். ஷூட்டிங் முடிந்தது. அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு தியேட்டரில் அவர்கள் எடுத்த படம் ஓடுகிறது, பெயர்கள் வருகின்றன. தையற்காரன் பெயர்கூட வருகிறது. அவள் பெயர் இல்லை. நான் பின்னால் தள்ளி இன்னொரு தரம் பார்த்தேன். மூன்றாவது தரமும் பார்த்தேன். இல்லை.

அழவெல்லாம் இல்லை. ஃப்ரிட்ஜில் கிடந்த கண்ணாடி, அடிக்கடி பனி பிடிக்கிறது.

ஆக, இதுதான் நிஜமான முடிவு. இதைத்தான் போய்ச் சொல்லப் போகிறேன். "திலகவதி, அவ எங்கயும் போகல. திரும்பி வந்து நின்னா. நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன், எனக்குப் புரியல. நீ கிளம்பு." நேற்றே நிலைக்கண்ணாடி முன்னால் நின்று நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த ‘புரியல’ என்கிற இடம் வரும்போதுதான் இருமல் வருகிறது. பரவாயில்லை, சொல்லிவிடுவேன். பெண்ணின் வாழ்க்கை, மானம் பார்த்தால் ஆகுமா?

இரு, போன். கைப்பையில் அடிக்கிறது. யார் என்று பார்த்துச் சொல்லேன். திலகவதியா? பச்சையை அமுக்கு. ஸ்பீக்கரில் போடு, இந்த பஸ் சத்தத்தில் காதில் ஒன்றும் விழாது.

"அண்ணி! சாப்பிட்டீங்களா? என்ன ஒரே ஹாரன் சத்தம்?"

"மார்க்கெட்டுக்கு வந்தேன். சொல்லு."

"ஞாயித்துக்கெழமைக்கு என்ன பண்ணப் போறீங்கன்னுதான்… ஏய்! உளுந்த அப்பிடியே அரைக்காத, தண்ணிய வடி! வடின்னு சொன்னேன்ல? உங்கள இல்ல அண்ணி, இங்க உதவிக்கு ரெண்டு பேர் இருக்காங்க. அதட்டினாத்தான் கேக்கறாங்க. கோமதியம்மா வராங்கள்ல, நான் வரட்டுமா? சேந்து பத்து நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள லீவு கேக்கத்தான் யோசனையா இருக்கு. நீங்க வான்னு சொன்னா வந்துடறேன். உருண்டையெல்லாம் உருட்டி வச்சுட்டு, அவங்க வர்றதுக்கு முன்னாடி மாடி வீட்டுல போய் உக்காந்துக்கறேன். நீங்க கொதிக்கறப்ப எடுத்துப் போட்டாப் போதும்."

"ம்."

"இங்க ஒரு கூத்து அண்ணி. சாப்பாட்டுக் கூடத்துல போர்டு இருக்கு, இன்னிக்கு என்ன சமையல்னு எழுதிப் போடுவாங்க. நேத்து அதுக்கு அடியில ‘சமையல்: திலகவதி அக்கா’ன்னு எழுதி வச்சிருக்குதுங்க. சாக்பீஸுல, பூவெல்லாம் போட்டு. வெக்கமாப் போச்சு. அழிங்கன்னு சொன்னேன், கேக்கல."

"அழிக்க வேணாம்."

"என்ன அண்ணி? கேக்கல."

"அழிக்க வேணாம்னு சொன்னேன். இருக்கட்டும்."

"சரி அண்ணி. அப்புறம் அந்தப் படம். அன்னிக்கு காஸ்காரன் வந்துட்டான், மீதிய நீங்க சொல்லவே இல்ல. நான் இங்க புள்ளைங்களுக்குக் கதவு வரைக்கும் சொல்லிட்டேன். சாயங்காலம் காபி வாங்க வர்றப்பல்லாம் அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்குதுங்க. கதவத் தெறந்துக்கிட்டுப் போனாள்ல? அப்புறம் என்ன ஆனா?"

"அப்புறமா?"

"ஆமா. போனாளா, திரும்பி வந்துட்டாளா?"

"போனா."

"போயி?"

"போயி ஒரு ரூம் எடுத்தா. ஜன்னல் பக்கமா ஒரு நாற்காலியப் போட்டா. உக்காந்தா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். உக்காந்துக்கிட்டே இருந்தா. எந்திரின்னு யாரும் சொல்லல."

"அந்த அண்ணி?"

"எந்த அண்ணி?"

"படத்துல வர்ற அண்ணிதான். நாத்தனார் போனப்புறம் அவங்க என்ன பண்ணாங்க?"

"அவளா? அவளே நின்னா. வெளிச்சம் சரியாகற வரைக்கும் அவளே போயி நின்னா. கொஞ்சம் கால் வலிச்சுது. செத்துடல."

"பாவம் அண்ணி."

"என்ன பாவம்? அதெல்லாம் ஒண்ணும் பாவம் இல்ல. நீ உளுந்தப் பாரு, வழவழன்னு ஆயிடப் போவுது. ஞாயித்துக்கெழம வர வேணாம். லீவெல்லாம் கேக்காத. வைக்கிறேன்."

சிவப்பை அமுக்கும்மா.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? இந்த பஸ் சத்தத்தில், ரோடு போடுகிற தூசியில், ஒரு படத்தின் முடிவை விளக்கமாக எப்படிச் சொல்ல முடியும்? நடுவில் ஹாரன் வேறு. ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். சிரிக்காதே. கேட்டாயா அந்த அதட்டலை? "வடின்னு சொன்னேன்ல?" இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு இப்படி ஒரு தொண்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போர்டில் பூ வேறு போட்டிருக்கிறார்களாம்.

இது என்ன, கீரனூரா? கண்டக்டர், ஒரு ஆள் இறக்கம்! டிக்கெட் புதுக்கோட்டைக்குத்தான் எடுத்தேன், அதனால் என்ன, வழியில் இறங்கக் கூடாது என்று சட்டமா? அந்தப் பக்கம் நின்றால் திருச்சி பஸ் வரும்தானே?

கொஞ்சம் காலை நகர்த்திக்கொள். இல்லை இல்லை, பை இங்கேயே இருக்கட்டும். உன்னிடம்தான் இருக்க வேண்டும். அந்த ஹாஸ்டல் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம், நீ பேங்குக்குப் போகிற வழியாகத்தான் இருக்கும். சமையல் கூடத்தில் திலகவதி என்று கேள், எல்லோருக்கும் தெரியும்போல இருக்கிறது. அவள் கையில் கொடு. திருச்சியில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்று சொல். நான் பாதி வழி வந்தேன் என்று வாயைத் திறக்காதே. பிரிக்கும்போது வேட்டியை மட்டும் மெதுவாக உருவச் சொல், முனையில் தேங்காய் துருவுகிற பல் இருக்கிறது, கையைக் கிழித்துவிடும்.

வருகிறேன் கண்டக்டர், வருகிறேன். வயசானவள் இறங்க வேண்டாமா? விசிலை ஊதாதீர்கள்.

ஏம்மா, ஜன்னலைத் திற. ஒரே ஒரு விஷயம். பருப்பு உருண்டைக்குக் கடலைப் பருப்பா, துவரம் பருப்பா? உனக்கும் தெரியாதா? நல்ல பெண்தான் போ. சரி, விடு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோமதி அம்மாளையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, திலகவதிக்குப் போன் போட்டு அவளையே கேட்டுக்கொள்கிறேன். ஸ்பீக்கரில் போட்டே கேட்கிறேன்.